கொள்ளிடத்தில் மூழ்கிய கவர்னர்

எனக்கும் தம்பிக்கும் நடுவில் முதன்முதலாக வந்து நின்றவர் ஓர் ஆங்கிலேயக் கவர்னர். பாபநாசத்தில் நடந்த பேச்சுப் போட்டிக்கு அவருடைய வாழ்க்கைதான் தலைப்பு. மீசை முளைக்கும் முன்பே கப்பலேறி வந்து, பட்டாளத்தில் சேர்ந்து, குதிரையில் ஊர் ஊராக அலைந்து நிலம் அளந்து, கடைசியில் மதராஸுக்கே கவர்னரானவர்.

அப்பா வாங்கி வந்த புத்தகத்தைப் படித்துப் பேச்சை எழுதியவள் நான். அப்பா பார்த்துவிட்டு, "நல்லா எழுதிருக்கம்மா. தம்பி பேசட்டும், அவனுக்குத்தான் குரல் இருக்கு" என்றார். அன்றிலிருந்து அம்மா அவனுக்கு மட்டும் பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தாள். எழுதிய கைக்கு ஒன்றுமில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

என் பேச்சின் கடைசிப் பக்கத்தில், பதவியை விட்டு ஊர் திரும்ப இருந்த கவர்னர் காலரா கண்டு இறந்துபோவார். அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, அவன் தோற்கட்டும் என்று வேறு எழுதினேன். ஆடி வெள்ளத்தில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது ஓடம் கவிழ்ந்து அவர் மூழ்கினார். தம்பி அதைப் படித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான்.

போட்டியில் அவன் அருமையாகப் பேசினான். ஓடம் கவிழ்ந்த இடத்தில் முன்வரிசை அம்மாள் ஒருவர் உச்சுக் கொட்டினார். நடுவர் மட்டும் சிரித்துவிட்டார்.

"கொள்ளிடத்துல எந்தக் கவர்னர் தம்பி முழுகுனாரு? யாரு சொல்லிக் குடுத்தா?"

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் சேத்துக்கிட்டேன் சார்."

பரிசு வேறொரு பையனுக்குப் போனது. ஆனால் நடுவர் இறங்கி வந்து, உண்மையை ஒத்துக்கொண்ட பிள்ளை என்று தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்பா அவனைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து, வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். தோற்றும்கூட எல்லாவற்றையும் இவனே வாங்கிக்கொள்கிறானே என்று பின்னால் காரியரில் இருந்த எனக்கு ஆத்திரமாக வந்தது.

தம்பி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது தன் மகளுக்கு அந்தக் கவர்னர் கதையைச் சொன்னான். காலராவில் முடித்தான்.

"இது எப்படா தெரியும்?" என்றேன்.

"அப்பவே. புத்தகத்த நானுந்தானக்கா படிச்சேன். நீ எழுதுனத மாத்துனா ஒனக்குக் கஷ்டமா இருக்காதா?"

என்னைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவன் எனக்காகத் தோற்பதென்று முடிவு செய்துவிட்டிருந்தான். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பொருமிக்கொண்டு வந்த எனக்கு அது தெரியவில்லை.