பழுதைக் கண்டு சொன்னவர்

கூப்பிட்டும் எழாத ஒன்றைப் பழுதானது என்று எந்த இடத்தில் சொல்லலாம்? கூப்பிட்டவன் ஒழுங்காகக் கூப்பிட்டானா என்பதை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அவன் வாழ்க்கை ஓடியது என்று இப்போது தோன்றுகிறது. அவனிடமே கேட்டிருந்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, வேலை பார்த்தேன்" என்று நகர்ந்திருப்பான்.

வேலை இதுதான். கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. திரையில் நாம் பார்க்கும் எதுவும் அது இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, எந்த உறுப்புக்கு மின்சாரம், எதற்கு ஓய்வு என்று தீர்மானிப்பது அது. மூடிய மடிக்கணினி உறங்குவதும் திறந்தால் விழிப்பதும் அதன் சொற்படி. அந்த உறக்கமும் விழிப்பும்தான் அவன் பிரிவு. தூங்கப் போனது எழவில்லை, எழுந்தது ஆனால் ஒலி வரவில்லை, பைக்குள் வைத்தது தானே விழித்துக்கொண்டு சுடுகிறது என்று எங்கெங்கிருந்தோ புகார்கள் வரும். அலுவலகத்தில் அவனுக்குத் தூக்கக்காரன் என்று பெயர் வைத்தார்கள். "தூக்கத்துக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு நம்மாளுதான்" என்பார்கள். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டான். அதன் பிறகு அந்தப் பெயரைக் கேட்டால்தான் திரும்பிப் பார்த்தான்.

அவனை மேதை என்று சொல்ல முடியாது. உடன் வேலை பார்த்தவர்களில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஒரு பழுதைப் பிடித்தால் விடமாட்டான், அவ்வளவுதான். அதையும் நல்ல குணம் என்று சேர்த்துவிடுவதற்கில்லை. அவன் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, மனைவி கத்திக்கொண்டே இருந்தாள்.

அவனுக்கு ஒரே அக்கா. நகரப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்வாள். வாய் சும்மா இருக்காது. "ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய வண்டி, ஓட்டுநர் டீ குடித்து முடித்ததும் புறப்படும்" என்று ஒருநாள் ஊரறிய அறிவித்துவிட்டாள். அந்த ஓட்டுநர் சண்டை போட வந்தார். மறுநாளும் வந்தார். சண்டைக்கு விஷயம் தீர்ந்த பிறகும் வந்தார். அவர்தான் அத்தான்.

நோய் விரலில் தொடங்கியது. பொத்தான் போட முடியவில்லை என்றாள். பிறகு கால், பிறகு நாக்கு. மூளையில் ஒரு குறையும் இல்லை. தசைகள் மட்டும் ஒவ்வொன்றாக அவள் சொல்லைக் கேட்பதை நிறுத்தின. கடைசியில் மிஞ்சியவை கண்கள். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது. யாராவது வந்து திருப்பிவிட வேண்டும்.

அவளுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவன் தம்பிதான். சக்கர நாற்காலியின் கையில் ஒரு மடிக்கணினியைப் பொருத்தினான். அதன் கீழே கண்ணைப் பார்க்கும் சிறிய கேமரா, அது விழித்திருப்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்பு விளக்கு. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு மூலையில் உள்ள 'பேசு' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் குரல் வரும். எங்கேயோ தவறிப் பட்ட பார்வை பேச்சாகிவிடக் கூடாதே என்று அந்தக் கட்டத்தை வைத்ததும் அவன்தான்.

பல மாதங்களுக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் வாக்கியம்: "டேய் தூக்கக்காரா, முழிச்சிருக்கியா?"

அவன் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டான்.

அத்தானுக்கு மட்டும் அந்தக் குரல் ஒட்டவே இல்லை. காரணம் இருந்தது. அக்கா வேலையை விட்ட பிறகு நிலையத்தில் அறிவிப்புக்கு ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். அது போன வண்டியை வருகிறது என்னும். வராத வண்டிக்கு நன்றி சொல்லும். ஓட்டுநர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அத்தான் சிரிக்க மாட்டார்.

குளிர் தொடங்கும் நேரத்தில் மருத்துவர் வீட்டுக்கு வந்தார். நெஞ்சுத் தசைகளும் தளர்ந்துகொண்டிருந்தன. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து மூச்சு இயந்திரத்தில் இணைத்தால் சில ஆண்டுகள்கூட இருக்கலாம், இல்லாவிட்டால் அவ்வளவு காலம் இல்லை என்றார்.

"இதை அவங்கதான் சொல்லணும். வேற யாரும் சொல்ல முடியாது" என்றார்.

அக்கா எழுத்துகளைப் பார்த்தாள். 'பேசு' கட்டத்தைப் பார்த்தாள். "வேண்டாம்" என்றது குரல்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "கண்ணு தவறிப் பட்டிருக்கும் டாக்டர். இந்த மெஷினை நம்ப முடியாது. போன வண்டிய வருதுன்னு சொல்ற ஜாதி இது." பிறகு அவளிடம் குனிந்து, "நல்லா யோசிச்சு மறுபடி சொல்லும்மா" என்றார்.

அவள் மறுபடி சொல்லவில்லை. சற்று நேரத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. கேமரா தூங்கிவிட்டது. எவ்வளவு கூப்பிட்டும் எழவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் அத்தான், ஏறக்குறைய மகிழ்ச்சியாக.

மருத்துவர் பையை எடுத்துக்கொண்டார். இமையைச் சிமிட்டுவதை வைத்துத் தான் எதுவும் எழுத முடியாது, சந்தேகமில்லாத சொல் வேண்டும் என்றார். "மெஷினை சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு. அதுக்குள்ள மூச்சு நின்னா, தெளிவான பதில் இல்லாததால நாங்க குழாயை வெச்சிடுவோம்."

ஆகவே எல்லாம் தூக்கக்காரன் தலையில் விழுந்தது. அவனுக்கும் அது வேண்டியிருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை: அவன் ஒரு பழுதைத் தேடினான் என்பதைவிட, ஒரு பழுது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான் என்பதே சரி. கேமரா கெட்டிருந்தால் அந்தச் சொல்லும் கெட்டதாகிவிடும் அல்லவா?

அவன் தொழிலில் பழுது தேட ஒரு வழக்கம் உண்டு. ஒழுங்காக ஓடிய பழைய கெர்னலையும் தகராறு செய்யும் புதியதையும் எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ள ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். அது நன்றாக ஓடினால் குற்றம் பிற்பாதியில், இல்லாவிட்டால் முற்பாதியில். இப்படிப் பாதி பாதியாக நறுக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் குற்றவாளி தனியே நிற்பான். இங்கே நறுக்க நறுக்க ஒன்றும் நிற்கவில்லை. அவன் மட்டும் இருக்கும்போது எந்தக் கெர்னலிலும் கேமரா சமர்த்தாக இருந்தது. அக்கா அரட்டை அடித்தாள். "உன் பொண்டாட்டி குழாய் ஒழுகுதுன்னு போன்ல அழுதா. உலகத்துக் கம்ப்யூட்டரை எல்லாம் எழுப்பறவனுக்கு ஒரு வாஷர் மாத்தத் தெரியலையா?" என்றாள். அத்தான் வேலை முடிந்து வந்து அருகில் உட்கார்ந்தால் மட்டும் கேமரா தூங்கிவிடும்.

தூக்கக்காரன் யோசித்தான். அத்தானின் போனை வெளியே வைக்கச் சொன்னான். மேசை விளக்கை மாற்றினான். சூடேற்றியின் வயர் அருகில் போகிறதே என்று அதை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனான். அத்தான் உட்காரும் நாற்காலி இரும்பு என்று மர நாற்காலி போட்டான்.

"அடுத்தது என்ன மாப்ள, என்னையே வெளியில வெக்கப் போறியா?" என்றார் அத்தான்.

அந்த அறையில் அவன் மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான், அங்கே நடந்த பேச்சு. பேச்சு அவன் பிரிவு இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் அவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மடியில் தன் கணினியை வைத்துக்கொண்டு, அக்காவின் கெர்னல் எழுதும் குறிப்புகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் வந்து உட்கார்ந்தார். நிலையத்துக் கதை கொஞ்சம் சொன்னார். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"குழாய் வெச்சா என்னம்மா? நான் பார்த்துக்க மாட்டேனா? சரின்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

அக்கா கண்களை மூடினாள்.

அத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். கேமரா கண்ணைத் தேடியது, காணவில்லை, வேலையை நிறுத்தியது. சும்மா இருக்கும் உறுப்புக்கு மின்சாரம் எதற்கு என்று கெர்னல் அதை உறங்க வைத்தது. விளக்கு அணைந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது.

அப்போது தூக்கக்காரன் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினான். அக்கா ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து, விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்தாள். அணைந்திருந்தது. இரண்டு கண்களையும் திறந்தாள். பார்வை அப்படியே நகர்ந்து தம்பியிடம் வந்து நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

பழுது இருக்கத்தான் செய்தது. அது அவனுக்கு அன்றே கிடைத்தது. அந்த வகைக் கேமரா, கூப்பிட்டால் எழுந்துவிடுவேன் என்று கெர்னலிடம் வாக்குக் கொடுக்கிறது. எழுந்ததும் தான் யார் என்பதையே மறந்துவிடுகிறது. வயரைப் பிடுங்கிச் செருகினால்தான் நினைவு வரும். இப்படிச் சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கும் உறுப்புகளுக்கென்று கெர்னலுக்குள் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்தால் போதும், கூப்பிட்டதும் எழுந்துவிடும். அவன் தேடிய பழுதோ கிடைக்கவில்லை. "வேண்டாம்" என்று சொன்ன நேரத்தில் கேமரா விழித்திருந்ததைக் குறிப்புகள் காட்டின. சொல் ஒருமுறை சேர்க்கப்பட்டு, 'பேசு' கட்டம் பார்க்கப்பட்டு, முறைப்படி வெளியே வந்திருந்தது.

அத்தானைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனான். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"அத்தான், அன்னிக்கு சொன்னது மெஷின் இல்ல. அக்காதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு தவறிப் பட்டா குரல் வராது. அப்படித்தான் நான் வெச்சிருக்கேன்."

"தப்பா வெச்சிருப்ப."

"இல்லை அத்தான்."

அத்தான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா? கூடப் பிறந்தவன்தானே நீ? பெல் அடிச்சதும் நிறுத்தி இறக்கி விட இது பஸ்ஸாடா?"

அவன் கையை விலக்கவில்லை. "நானும் கெட்டிருக்கணும்னுதான் பார்த்தேன்" என்றான். "கெடலை."

அத்தான் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தைத் தானே நீவிவிட்டார். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, பணியில் இருக்கும் ஓட்டுநர் போலவே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு அழுதார்.

சில நாள்கள் அவர் அந்த அறைக்குள் போகவில்லை. பிறகு மருத்துவரை அவரே கூப்பிட்டார். "சொல்லிட்டா டாக்டர். முன்னாடியே சொல்லிட்டா. நான்தான் காதுல வாங்கலை" என்றார். மருத்துவர் வந்து தம்பியிடமும் விவரம் கேட்டு, அக்காவிடம் கடைசியாக ஒருமுறை கேட்டார். அவள் கண்ணை மூடவில்லை. எழுத்துகளைப் பார்த்தாள், கட்டத்தைப் பார்த்தாள். அதே சொல்.

அதன் பிறகு அத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் மனிதர் ஒரேயடியாக மாறிவிடவும் இல்லை. சில மாலைகளில் பேச்சுக்கு நடுவே "இருந்தாலும்..." என்பார். அக்கா கண்ணை மூடுவாள். விளக்கு அணையும். அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போவார். கழுவிவிட்டு வந்து, வயரைப் பிடுங்கிச் செருகி, "சரி, இன்னிக்கு நாலாம் நம்பர் வண்டியில என்ன நடந்தது தெரியுமா?" என்று தொடங்குவார். குரல் வரும்: "டீ குடிச்சாச்சா?"

வசந்தம் வருவதற்கு முன் அவள் போய்விட்டாள். பகலில், ஜன்னல் திறந்திருந்தபோது, அத்தானும் தம்பியும் பக்கத்தில் இருந்தார்கள். குழாய் வைக்கவில்லை.

இனி சொல்ல வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றி. அக்கா உயிரோடு இருந்தபோதே, அந்த ஞாயிறு கழிந்த வாரத்தில், தூக்கக்காரன் அதை எழுதி, கெர்னலின் அந்தப் பகுதிப் பொறுப்பாளருக்கு அனுப்பியிருந்தான். கெர்னலில் ஒரு திருத்தம் அனுப்பினால், பழுதை முதலில் கண்டு சொன்னவர் யார் என்று கீழே எழுதுவது வழக்கம். அதில் அக்காவின் பெயரை எழுதினான். திருத்தத்தைப் போட்டுச் சோதித்தவர் என்ற இடத்தில் அதே வகைக் கேமரா வைத்திருந்த ஒரு மருத்துவமனைக்காரரின் பெயர் இருந்தது.

பொறுப்பாளர் ஒழுங்குக்காரர். எல்லோரும் படிக்கும் பொது மடலிலேயே கேட்டார்: "பழுதைக் கண்டு சொன்னவரின் கணினியில் இதைப் போட்டுப் பார்த்தீர்களா?"

"இல்லை. அதில் போடப் போவதில்லை" என்று அவன் பதில் எழுதினான்.

"ஏன்?"

வரி சேர்ந்தது. அந்த வகைக் கேமராக்கள் எல்லாம் இப்போது கூப்பிட்டால் எழுகின்றன. அக்காவின் கணினிக்கும் புதிய கெர்னல் வந்து, போடட்டுமா என்று திரையில் கேட்டது. அவள் இருந்தவரை ஒவ்வொரு ஞாயிறும் அவன் அதைத் தள்ளிவிட்டான். "இன்னும் சரி பண்ணலையா மாப்ள?" என்று அத்தான் கேட்டபோது, "இந்தக் கம்ப்யூட்டர்ல அது ஏறாது அத்தான்" என்றான். வேலை விஷயத்தில் அவன் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

திட்டி எழுதுகிறவர்களுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிற ஆள் அவன். அந்தப் பொது மடலில் "ஏன்?" என்பதற்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை.