ஆவணி அவிட்டத்தில் பூட்டிய கழிமுகம்

மீன் தின்னாதவர் மீனைக் காப்பாற்றக் கிளம்பினால் யார் பட்டினி கிடப்பார் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? நான் சொல்கிறேன்: தாராவி பூமாரி.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவனோடு பம்பாய் வந்தவள். தோல் கிடங்கு அவனை இருமவைத்தே கொன்றது. அதன்பின் மாஹிம் கழிமுகத்தில் நீர் வற்றும்போது முழங்கால் சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குகிறாள். அதை விற்றால்தான் இரண்டு பெண்களுக்குச் சோறு. மழை மாதங்களில் மட்டும் வீட்டுவேலைக்குப் போய்விடுவாள். பக்கத்துக் கோலி மீனவர்களும் அப்போது வலையைத் தொடுவதில்லை. மீன் சினைப்படும் காலம். நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் போட்டபிறகே தொழில். எனக்குத் தேங்காயில் நம்பிக்கையில்லை. அந்த ஓய்வில் உண்டு.

இந்த ஆண்டு கழிமுகத்தை மீன் காப்பிடமாக்க ஒரு குழு முளைத்தது. செயலாளர் மாட்டுங்கா மகாதேவன் பஞ்சாங்கம் புரட்டி ஆவணி அவிட்டத்தைக் குறித்தார். அதுவும் அதே பௌர்ணமி! காலையில் புதுப் பூணூல், மாலையில் ரிப்பன். அன்றிலிருந்து அடுத்த மழைக்காலம் வரும்வரை தடை. மழைக்காலத்தில் தாராளமாகப் பிடிக்கலாம். மீன் முட்டையிடும்போது பிடி, இட்டு முடித்ததும் விடு என்பது சட்டம்.

கோலிகள் கூட்டமாய்ப் போய்ச் சத்தம் போட்டு, படகுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டார்கள். படகில்லாதவளுக்கு ஏது சீட்டு?

அன்று பூமாரி மட்டிக் கூடையோடு கரையேறியபோது காவலுக்கு நின்றவன் அவள் சந்துக்காரன் கணேசபாண்டியன். மகாதேவன்தான் அவனுக்குச் 'சாப்'.

"அக்கா, கூடையக் கீழ வைங்க. சாப் பாக்காரு."

"ஏலே, போன வருசம் நக்கித் தின்னப்ப இது மட்டியாத் தெரியலயோ?"

"அது போன வருசம். இன்னைக்கு மீனு முட்டையிடுதாம்."

"ஒங்க சாப் ரிப்பன் வெட்டுனாத்தான் முட்டையிடுமோ?"

மகாதேவன் மூக்கைப் பொத்தியபடி வந்தார். "நாங்க மீனைத் தொடறதே இல்லைம்மா. அதனாலதான் எங்ககிட்ட பொறுப்பைக் குடுத்திருக்கா."

"அந்தா, பேக்டரிக் குழாயில கறுப்பாக் கொட்டுதே, அதுக்குத் தடை கெடையாதா சாமி?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

கூடை போயிற்று. இன்னொருமுறை இறங்கினால் வழக்கு என்றார்கள். மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வேறென்ன செய்வாள், காப்பிடத்தை உலையில் போட முடியுமா?

நாளைக்கும் இறங்குவாள். நீங்களும் கரைக்கு வாருங்கள். அவளிடம் மட்டி வாங்குங்கள். வழக்கெழுதக் காவலன் வந்து பெயர் கேட்டால் அவளுக்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.