ரூட்டரைத் தொட்டது யார்?

இணைய நிறுவனம் ஒன்றின் உதவி மையத்தில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வருடக்கணக்காகக் குப்பை கொட்டியவள் அவள். யார் வீட்டில் வைஃபை படுத்துக்கொண்டாலும் அவள் குரல்தான் போய்த் தட்டி எழுப்பும். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஆஃப்-பண்ணி-ஆன்’. நலம் விசாரிப்பதற்கு முன்பே, “எங்க வீட்ல நெட் விட்டு விட்டு வருது, என்னன்னு பாரேன்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அலுத்துக்கொள்வாளே தவிர, உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

போன வாரம் அலுவலகப் படிக்கட்டில் கால் பிசகிக் கணுக்காலில் கட்டு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி நிறுவனம் புது லேப்டாப் ஒன்றைக் கொடுத்தனுப்பியது. வீட்டு வைஃபையில்தான் வேலை செய்ய வேண்டும், செல்போன் இணைப்பெல்லாம் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் மதியம் இணைத்துப் பார்த்தாள். சமர்த்தாக வேலை செய்தது.

மறுநாள் காலை, கட்டுப் போட்ட காலை மோடாவில் நீட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால், ‘இணைக்க முடியவில்லை’ என்றது.

“என்கிட்டயேவா?” என்று சிரித்தாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். ரூட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபையின் பெயரை லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டுப் பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். ம்ஹும். அவள் செல்போனில் அதே வைஃபை ஓடியது. பக்கத்து அறையில் கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பிலும் ஓடியது. இது மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வேலை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே எட்டிப் பார்த்தார். “உங்க ஆபீஸுக்கே போன் பண்ணிக் கேட்டா என்ன?”

“மானம் போயிடுங்க! ஊருக்கெல்லாம் சரி பண்ணிக் குடுக்கறவளுக்குத் தன் வீட்டு நெட் வரலைன்னு சொல்றதா?”

வேறு வழியும் இல்லை. கடைசியில் உதவி மையத்துக்கு அடித்தாள். எடுத்தவர், முன்பு அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த, அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காரும் அண்ணன். சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஹலோ, எங்க வீட்ல ஒரு லேப்டாப்ல மட்டும் வைஃபை வரலை” என்றாள்.

“ஏம்மா, ஜலதோஷமா? கால் எப்படி இருக்கு?”

மூக்கிலிருந்து கையை எடுத்தாள். “அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எல்லாத்தையும் பார்த்துட்டேன்.”

“நீ பார்த்திருப்பேன்னு தெரியும். இருந்தாலும் கேட்கறேன். வீட்ல வேற யாராவது ரூட்டர்ல கை வெச்சாங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் ஊரையே கேட்கிற கேள்வி. “யாரும் தொடலை” என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போதெல்லாம் மைக்கை மூடிக்கொண்டு சிரித்தவள்தான். இப்போது அதே பதில் அவள் வாயிலிருந்தே வந்தது.

“எங்க வீட்ல யாரும் தொடமாட்டாங்கண்ணே. எல்லாம் நான்தான்.”

அந்த நேரம் பார்த்துக் கணவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசல் பக்கம் நழுவினார். செருப்போ காலில்தான் இருந்தது.

“ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!”

நின்றார். தலையைச் சொறிந்தார். “அது வந்து... நம்ம பொண்ணு ராத்திரியெல்லாம் தொடர் பார்த்துக்கிட்டே இருக்கா. ஒரு வீடியோல வழி சொன்னான். ரூட்டர்ல போய் அவ லேப்டாப்பை மட்டும் தடை பண்ணினேன். நேத்து சாயங்காலம். அதுல பேரா இருக்கு? எழுத்தும் நம்பருமா வரிசையா நிக்குது. முதல்ல நின்னது அவளோடதுன்னு நினைச்சேன்.”

“அது என்னோடது!”

“இப்பத்தான் புரியுது. நேத்து அவ சத்தமே போடாம அறைக்குள்ள இருந்தாளா, பரவாயில்லையே, புள்ள படிக்குதேன்னு இருந்துட்டேன்.”

“மொத்த சீசனையும் முடிச்சுட்டேம்பா” என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

போனில் அண்ணன் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். அவளுக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் கணவர் முகத்தைப் பார்த்ததும் அவளும் சிரித்துவிட்டாள். செல்போனிலேயே ரூட்டருக்குள் நுழைந்து தடையை நீக்கினாள். ஒரு நொடியில் இணைப்பு வந்துவிட்டது.

“புகார்ல காரணம்னு என்னம்மா போடட்டும்?” என்றார் அண்ணன்.

“அப்பாவோட அக்கறைன்னு போடுங்கண்ணே.”

“அப்படி ஒரு கட்டமே இல்லையே.”

“அப்ப ‘இதர’ன்னு போட்டு மூடுங்க.”

சரியான நேரத்துக்கு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் கடைக்குக் கிளம்பாமல், மகளின் அறைக் கதவைத் தட்டினார். “உள்ள வரலாமா? ஒரு விஷயம் பேசணும்.”

“அதை நேத்தே பேசியிருக்கலாமேப்பா” என்று சொல்லிக்கொண்டே மகள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்து வரிசையாக வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அவர்கள் பேசிக்கொண்டது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மைக்கை மூடிக்கொண்டு, “மெதுவா சிரிங்க, லைன்ல ஆள் இருக்காங்க!” என்று அதட்டினாள்.