பலகையின் கடைசிச் சொல்

கீழ ராஜ வீதியில் பெயிண்ட் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு ரூம் லாட்ஜ். அறந்தாங்கி ரோட்டில் கல்யாண மண்டபம். மூன்று மகன்களுக்கும் ஆளுக்கொரு மாடி வீடு. மூன்று வீடும் பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் சிங்கப்பூர், துபாய், சென்னை என்று போய்விட்டார்கள். அது வேற கதை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் கட்டியது இதெல்லாம். அப்பா எனக்கு விட்டுப் போனது ஒரு சுண்ணாம்பு மட்டையும் ஒரு ஏணியும்தான், அந்த ஏணியிலும் மூன்று படி இல்லை. "இவனாவது கடை வைக்கிறதாவது" என்று சிரித்தவர்கள் பாதிப்பேர் வீட்டுக் கல்யாணம் என் மண்டபத்தில்தான் நடந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் இன்னொன்று உண்டு. அதை மட்டும் யாரும் என்னுடையது என்று ஒப்புக்கொள்வதில்லை. இந்த ஊரில் ஒரு கான்வென்ட்டுக்குக் கான்வென்ட் என்று பேர் வைத்தவன் நான்.

போன வாரம் லாட்ஜ் மேனேஜர் தடியாக ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா மலர். வழவழ காகிதம். பிரித்ததும் மையும் வார்னிஷும் கலந்த மாதிரி ஒரு வாடை அடித்தது பாருங்கள், எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. பெயிண்ட் கடைக்காரனுக்கா என்று கேட்பீர்கள். கடையில் இருப்பது மூடி போட்ட டப்பாவின் வாடை. இது திறந்த டப்பா. என் இருபத்திரண்டு வயசின் வாடை.

மலர் முழுக்க இங்கிலீஷ். மேனேஜர் வாசித்து வாசித்து அர்த்தம் சொன்னார்.

"நிறுவனர் அந்தக் காலத்துலயே தொலைநோக்கோட கான்வென்ட்ங்கிற பேரைத் தேர்ந்தெடுத்தாருன்னு போட்ருக்குங்க ஐயா."

"இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தார். அதேதான் இருந்தது.

ராஜா காலம் முடிந்து சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயசு. தலைநகரம் என்ற பேர் ஒரே நாளில் போயிற்று. சுண்ணாம்பு அடிக்கிறவனுக்கு அதில் என்ன நஷ்டம்? சுவர் அப்படியேதானே நிற்கிறது! அரண்மனைக் கச்சேரி ஆபீஸில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத்தான் அது இழவு. அவர்களில் ஒருவர் சிரஸ்தார். குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருந்த உத்தியோகம் அது. உத்தியோகம் போன பிறகும் ஊர் அவரை அப்படியேதான் கூப்பிட்டது. சும்மா உட்கார முடியாமல் வீட்டு முன்கட்டில் பெஞ்சு போட்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பதினைந்து பிள்ளைகள் இருந்தால் அதிகம்.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அந்த நாளில் ஜவுளிக்கடையில் ஒருத்தர் "எம்புள்ள சிஸ்டர்கிட்டப் படிக்குது" என்று சொன்னால் போதும், கடைக்காரர் விரித்த துணியைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே இருந்து வேறு துணி எடுத்துவருவார். அந்தக் கடைக்குப் பலகை எழுதும்போது என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆமாம், அப்போது பலகை எழுதிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு மட்டையிலிருந்து பிரஷுக்கு நானாகவே ஏறினேன். இங்கிலீஷும் எழுதுவேன், ஆனால் படிக்கத் தெரியாது. சிரிக்காதீர்கள். எனக்கு அது எழுத்து இல்லை, படம். 'ஏ' என்றால் விரித்து நிறுத்திய ஏணி, 'ஓ' என்றால் கிணறு, 'டி' என்றால் சிலுவை மாதிரி. தாளில் என்ன இருக்கிறதோ அது பலகையில் அப்படியே இறங்கும். "அந்தப் பய இங்கிலீஷ் போர்டு சுத்தமா எழுதுவான்" என்று ஊரில் எனக்கும் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்குள் இருந்த ஓட்டை எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிரஸ்தார் தன் ஆத்தா பேரில் பள்ளிக்கூடத்துக்குப் பேர் எழுதித் துண்டுத் தாளில் கொடுத்தார். ஸ்ரீ, அப்புறம் தர்மாம்பாள், கடைசியில் ஒரு சொல். தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். டர்பன்டைன் சிந்தி, கடைசிச் சொல் மட்டும் நீலக் கறையாகப் போய்விட்டது. திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் "ஸ்கூல்னு எழுதத் தெரியாதாடா?" என்பார். ஓட்டை வெளியே தெரிந்துவிடும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்துப் பலகையில் கடைசிச் சொல் பள்ளிக்கூடம் என்றுதானே இருக்கும்? சிஸ்டர்கள் பள்ளிக்கூட வாசலுக்குப் போய், அவர்கள் பலகையின் கடைசிச் சொல்லைச் சிகரெட் அட்டையில் வரைந்துகொண்டேன். வாட்ச்மேன் வந்து "என்னடா படம் போடுற?" என்றான். "பூ டிசைன்ணே" என்றேன். ஏழு எழுத்து. அத்தனையும் பூ மாதிரிதான் இருந்தது. வழக்கமாகப் பலகையின் மூலையில் என் பேரைப் பொடியாக எழுதுவேன். அன்றைக்கு எழுதவில்லை. உள்ளுக்குள் ஏதோ உதைத்தது.

மறுநாள் காலையில் பலகையை மாட்டினேன். சிரஸ்தார் வேட்டியை இடுக்கிக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"டேய்! எங்க ஆத்தா பேருக்குப் பக்கத்துல என்னடா எழுதி வச்சிருக்கே?"

"ஸ்கூலுங்க."

"ஸ்கூலா? கன்னியாஸ்திரி மடம்னு எழுதியிருக்கேடா பாவி! தெவசத்துக்குக்கூட எங்க ஆத்தா வரமாட்டா இனிமே!"

மண்ணெண்ணெயும் துணியும் அவரே எடுத்துவந்தார். நான் ஏணியில் ஏறப் போனேன். அப்போது ஒரு கார் வந்து நின்றது. அறந்தாங்கிப் பக்கத்து ரைஸ்மில் முதலாளி, பின் சீட்டில் எண்ணெய் வழிய இரண்டு பிள்ளைகள். அவர் பலகையைப் பார்த்தார், சிரஸ்தாரைப் பார்த்தார்.

"கான்வென்ட்டுங்களா? சிஸ்டர்கிட்ட எடம் முடிஞ்சிருச்சின்னுட்டாங்க. இங்கிட்டு எடம் இருக்குங்களா?"

சிரஸ்தார் மண்ணெண்ணெய்த் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இருக்கு. உள்ள வாங்க." வாசற்படியில் கால் வைத்தபடி, திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"காயட்டும், விடு."

இதுதானய்யா தொலைநோக்கு! மலரில் போட வேண்டியது அந்த இரண்டு வார்த்தையைத்தான்.

ஆறு மாசத்தில் முன்கட்டு போதவில்லை. மறு வருஷம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "'அட்மிஷன் முடிந்தது, இடம் இல்லை'ன்னு ஒரு போர்டு எழுதிக் குடுடா. இங்கிலீஷ்ல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி."

"பாதி பெஞ்சு காலியா கெடக்குதுங்களே?"

"அதுக்குத்தாண்டா எழுதச் சொல்றேன்."

எழுதிக் கொடுத்தேன். அதை மாட்டியதும் வாசலில் வண்டி நிற்க இடமில்லை. ஒன்று சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் கண்டது: சேர்த்துக்கொண்ட பிள்ளைகளால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேர் வரவில்லை. திருப்பி அனுப்பிய பிள்ளைகளால் வந்தது. இடம் கிடைக்காதவன்தான் ஊரெல்லாம் போய் அதன் பெருமையைப் பேசினான். கழுத்துப்பட்டை வந்தது, பூட்ஸ் வந்தது. ரைஸ்மில் முதலாளி வீட்டு விசேஷத்தில் பிள்ளையை நாற்காலியில் ஏற்றி இங்கிலீஷ் பாட்டுச் சொல்லச் சொன்னார். பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் கை வைக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஊர் முழுக்க நான் எழுதிய பலகைகள் தொங்கின. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதைப் படித்துக் காட்ட என் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் மூத்த பிள்ளை, வள்ளிக்கண்ணு.

அவளுக்கு ஐந்து வயசு ஆனபோது ராஜா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் மாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. என் சம்சாரம் அழகம்மா அந்தப் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையை முன்கூட்டியே தைத்துவிட்டாள், மடிப்பு மடிப்பாக.

"எடம் கெடச்சப்பறம் தைக்கலாம்ல?" என்றேன்.

"பேரே நீங்க எழுதுனது. ஒங்க புள்ளைக்கு எடம் இல்லம்பாகளா?"

மூன்று பேரும் போனோம். மெட்ராஸிலிருந்து வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒரு தாளைக் கொடுத்து, அப்பாவின் படிப்பு என்ன என்பதை அந்தக் கோட்டில் எழுதச் சொன்னார். மூணாங்கிளாஸ் என்று தமிழில் எழுதியிருக்கலாம். சுற்றிலும் கோட்டுப் போட்ட அப்பாமார்கள். நான் பேனாவை வாங்கி, எனக்கு நன்றாக வரும் இங்கிலீஷ் சொல்லை, அந்த ஏழு எழுத்தையும், நிழல் கொடுத்து அழகாக எழுதினேன்.

அந்த அம்மா தாளைப் பார்த்தார். என் நகக்கண்ணில் இருந்த எனாமலைப் பார்த்தார். "நீங்க படிச்சது கான்வென்ட்லயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, அடக்க முடியாத சிரிப்பு. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று வள்ளிக்கண்ணும் சிரித்தாள்.

சிரஸ்தார் உள்ளே இருந்து வந்தார். என்னைப் பார்த்து "வாங்க" என்றார். எட்டு வருஷமாக 'டேய்' என்று கூப்பிட்டவர். மரியாதை கூடிவிட்டது என்று நான் குளிர்ந்துபோனேன். மடையன். வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்தார்.

"நம்ம ஸ்கூலுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல, நீங்களே சொல்லுங்க. வெளிய போர்டு பாத்தீங்கள்ல?"

"நான் எழுதுன போர்டுங்க அது."

"அதான் சொல்றேன். ஒங்களுக்குத் தெரியாததா?"

பாதி பெஞ்சு காலிதானே என்று வாய்வரை வந்தது. வாசலில் அந்த 'இடம் இல்லை' பலகை தொங்கிக்கொண்டிருந்தது. என் எழுத்து, இத்தனை வெயிலிலும் ஒரு பொட்டு உதிரவில்லை.

திரும்பி நடக்கும்போது பல்லவன் குளத்துக்கிட்ட வள்ளிக்கண்ணு கேட்டாள்.

"அப்பா, அந்தப் போர்டை நீங்கதானே எழுதுனீங்க? இல்லைங்கிறதை அழிச்சிட்டு 'இடம் இருக்கு'ன்னு எழுதுங்களேன்."

அழகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். தைத்த பாவாடையை வீணாக்க மனசில்லாமல் அதையே போட்டு அனுப்பினாள் அழகம்மா. அங்கே பிள்ளைகள் வள்ளிக்கண்ணைக் 'கான்வென்ட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தன. எட்டாவதோடு நின்றுவிட்டாள். நிறுத்தியது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் எத்தனை கட்டினாலும் அந்த இடத்தை அடைக்க முடியவில்லை. அவளை மீமிசலில் கட்டிக்கொடுத்தேன். அந்தப் பேர் அங்கேயும் கூடவே போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தபோது சுவரில் ஒட்டிய அஞ்சலி போஸ்டரில் 'வள்ளிக்கண்ணு என்கிற கான்வென்ட்டு அக்கா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இப்போது சிரஸ்தார் இல்லை, அழகம்மா இல்லை. முன்கட்டு இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் எழுதிய பலகையைப் பழைய கட்டடம் இடித்தபோது சாக்கடைமேல் நடைபலகையாகப் போட்டிருந்தார்கள், எழுத்து அடிப்பக்கம். போன மழையில் அதுவும் போயிற்று. பள்ளிக்கூடமே கான்வென்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டு இன்டர்நேஷனல் என்று மாற்றிக்கொண்டது. மூலையில் அன்றைக்கு என் பேரை எழுதாமல் விட்டேனே, அதனால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை, இப்போது எழுதுகிற இந்தத் தாளைத் தவிர.

மலர் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த மலரில் அந்த வரியை அடித்துவிட்டு, இந்தப் பள்ளிக்குக் கான்வென்ட் என்ற பேரை எழுதியவர் என்று என் பேரைப் போட வேண்டும். பெரிய எழுத்தில் போடுங்கள், எனக்குக் கூச்சமில்லை. அதற்குக் கீழே 'வள்ளிக்கண்ணுவின் அப்பா' என்று போடுங்கள். இங்கிலீஷில் வேண்டாம், தமிழில் போடுங்கள். படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.