அந்தியோகாவின் கட்டைவிரல் செத்த ஆட்டம்

அந்தியோகாவுடையது வாழ்நாளெல்லாம் ஆடு கறந்த கை. அந்தக் கையின் கட்டைவிரலில் முடக்குவாதம் வந்து உட்கார்ந்ததும், காலையில் காபிக் குடுவையின் மூடியைக்கூட அவளால் திருக முடியவில்லை. டாக்டரம்மா வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து, விரலை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை ஒன்றையும் மாட்டிவிட்டார்.

"குளிக்கிறப்ப மட்டும் கழட்டுங்க. இல்லேன்னா மூட்டு கோணிக்கும்."

ஆனால் ஊர்க் கோவிலின் புனித அந்தியோகு திருவிழாவில் முர்ரா ஆட்டம் இருந்தது. இருவர் ஒரே நேரத்தில் விரல்களை நீட்டி, மொத்தம் எத்தனை என்று கத்த வேண்டும். சரியாகக் கத்தியவருக்குப் புள்ளி. ஊரில் அவளை வென்ற ஆண்கள் குறைவு. வென்றதாகச் சொல்லிக்கொள்பவர்கள் அதிகம். இடது கையால் ஆடவும் வழியில்லை. அது புள்ளிக் கணக்கு வைக்கும் கை.

"நீட்டியே நிக்குற விரலை எப்படி எண்ணுறது?" என்று எதிராளி லுசோரியு குதித்தான். "அக்கா தூங்கினாலும் ஒண்ணு விழுதே!"

நடுவர் போபோரே மாமா மோவாயைத் தடவினார். "சரி, அந்த விரல் செத்துப்போச்சு. கணக்குல சேராது."

"செத்தா துக்கம் காட்டணும், மாமா" என்றான் லுசோரியு.

விரலுக்குக் கறுப்புத் துணி சுற்றினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

கடைசியில் ஆளுக்கு ஒரு புள்ளிதான் பாக்கி.

"அண்ணா, பட்டையைக் கழட்டிடட்டுமா? ஒரே ஒரு வீச்சு."

"கழட்டித்தான் பாரேன்!" என்றான் பக்கத்தில் நின்ற அண்ணன் கவீனோ. "கோப்பை அடுத்த வருஷமும் வரும். விரல் வருமா?"

அவள் கழற்றவில்லை. இரண்டு விரல் நீட்டினாள். லுசோரியு மூன்று நீட்டினான்.

"அஞ்சு!" என்றான் அவன்.

"ஆறு!" என்றாள் அவள்.

"செத்ததையும் சேர்த்து எண்ணிட்டாளே!" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

லுசோரியு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வந்தான். "ஆழ்ந்த அனுதாபம், அக்கா" என்று கறுப்புத் துணி சுற்றிய விரலைப் பிடித்துக் குலுக்கினான். அவள் போட்ட அலறலில் மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமும் பறந்தன.

போபோரே மாமா எழுந்தார். "செத்த விரல் வலிக்குமாடா? அது உசிரோட இருக்கு. ஆறுதான் சரி."

"முன்னாடி வீச்சுல எல்லாம் அதை எண்ணலியே, மாமா?"

"அப்ப செத்திருந்துச்சு."

"மாமா, இது அநியாயம்!"

"ஈஸ்டர் முடிஞ்சு பதினஞ்சு நாள்தான்டா ஆகுது. உயிர்த்தெழுந்ததை நம்பாதவன் நம்மூர்ல எவன்?"

லுசோரியு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். பாதிரியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தியோகா கறுப்புத் துணியை மட்டும் அவிழ்த்தாள். கோப்பையை அண்ணனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கைகுலுக்க வந்தவர்களுக்கெல்லாம் முழங்கையை நீட்டினாள்.