தோல் குடோனில் ஒரு வயலின் கூட்டம்

போன வாரம் செருப்பு வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். புதுத்தோல் வாசனை மூக்கில் ஏறிய அதே நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு. ஒரு ஆணும் பெண்ணும் அடக்கமாகப் பாடுகிறார்கள். பின்னால் வயலின் கூட்டம் ஒன்று எழும்பி எழும்பி அடங்குகிறது. எந்தக் காலத்துப் படம் என்று யோசித்துத் தோற்று, கடைப் பெண்ணிடமே கேட்டேன். "படமெல்லாம் இல்லக்கா. ரெண்டு பேர் சேந்து அவுங்களே பண்ணது. கேக்கத்தான் பழசு, போன மாசந்தான் வந்துச்சு" என்றாள். ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நாங்களும் இரண்டு பேர் இருந்தோம். நானும் ஷமீமும்.

திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருவரும் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். அவள் கீபோர்டு வாசிப்பாள், மெட்டுப் போடுவாள், நான் பாடுவேன். பாலசமுத்திரத்துக்காரி என்பதால் என் பேச்சில் கொங்கு 'ங்க' அதிகம். "பாட்டுலயாச்சும் அத விட்டுட்டுப் பாடுடி" என்பாள். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் நாங்கள் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்ட பாட்டுகள். பல்லவி முடிந்ததும் வயலின்கள் மொத்தமாகக் கிளம்புமே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்போம். வாழாத காலத்துக்கு ஏங்குவது என்ன வியாதியோ. அந்த மாதிரி ஒரே ஒரு பாட்டை, எங்கள் இரண்டு பேர் பெயரில், ஷமீமின் கல்யாணத்துக்குள் செய்து முடித்துவிட வேண்டும். அதுதான் ஆசை. மாப்பிள்ளை வீடு ஆம்பூர். நிக்காஹ் முடிந்தால் அவள் போய்விடுவாள்.

ஸ்டுடியோவுக்கு எங்கே போவது? ஷமீமின் அப்பாவுக்கு, அவள் வாயில் அத்தாவுக்கு, தோல் வியாபாரம். பேகம்பூர் பக்கம் அவருக்கு ஒரு குடோன் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்களுக்கு விடுமுறை. சரக்குப் போய்க் காலியாகக் கிடக்கும்போது அங்கே கை தட்டினால்கூடச் சத்தம் உயரே போய் நின்று, மெதுவாக இறங்கி வரும். பழைய ரெக்கார்டுகளில் கேட்கிற சத்தம் அதுதான். உப்புத் தோல் வாடைதான் குடலைப் புரட்டும். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு பாட முடியுமா என்று முயன்றுகூடப் பார்த்தேன். முடியாது.

வயலின் கூட்டத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஆள். நிலக்கோட்டை செல்வராசு அண்ணன், திருவிழாக் கச்சேரிகளில் வாசிப்பவர். பூ வேனில் ஏறி வருவார். வந்த கொஞ்ச நேரத்துக்குத் தோல் வாடையை மல்லிகை ஜெயிக்கும். அவரை ஒரு மூலையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி ஷமீம் லேப்டாப்பில் பதிவு செய்வாள். பிறகு நாற்காலியை வேறு மூலைக்கு இழுத்துப் போட்டு, அதையே மறுபடியும். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு ஆளே கூட்டமாகிவிடுவார். "ஏந்தாயி, இம்புட்டு இடத்துல நான் ஒருத்தனே உக்காந்தேன்னு சொன்னா வீட்ல நம்புவாகளா?" என்று சிரிப்பார்.

ஒரு சிக்கல். பாடுகிறவர் பின்னாலேயே போய்ப் பழகியவர் அவர். "பாட்டு காதுல விழலைன்னா வில்லு ஓடாதும்மா" என்றுவிட்டார். அதனால் ஒரு காதில் ஷமீமின் கீபோர்டு ஓடும் இயர்போன், இன்னொரு காதருகே நான். மெல்ல ஹம்மிங் செய்து வழிகாட்டுவேன். மெல்ல என்பது என் நினைப்பு. மைக்கில் அதுவும் விழும், ஷமீம் முறைப்பாள். என் குரலை எல்லாம் முடிந்தபின் தனியாகப் பதிவதாகத் திட்டம்.

வயலின் வேலை எல்லாம் முடிந்து என் முறை வந்த வெள்ளிக்கிழமை, உப்பு வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுப் போனேன். கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் தோல். அப்படியும் பாடிப் பார்த்தேன். சத்தம் உயரே போகவே இல்லை. கம்பளிக்குள் தலையை விட்டுப் பாடியதுபோல் இருந்தது. அத்தா கையைப் பிசைந்தார். "ஈரோட்டு லோடும்மா, சொல்லாமக் கொள்ளாம வந்துருச்சு. அடுத்த வாரம் ஏத்தி விட்டுர்றேன்." சொன்னபடியே ஏற்றிவிட்டார். ஆனால் காலியான குடோனில் கல்யாண விருந்துக்கான அண்டாக்கள் வந்து இறங்கிவிட்டன. அதற்கடுத்த வாரம் ஷமீம் ஆம்பூரில் இருந்தாள்.

ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றோம். வந்தாள், கைக்குழந்தையோடு. பிறகு அத்தா காலமானார், குடோனை விற்றார்கள். இப்போது அங்கே செல்போன் ஷோரூம். தாழ்வான கூரை, ஏசி. செல்வராசு அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு மேல்ஸ்தாயி எட்டுவதில்லை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஷமீமும் நானும் பூப்படம் போட்ட வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். வருத்தம்தான். பூசி மெழுக என்ன இருக்கிறது?

செருப்புக் கடையிலிருந்து வந்ததும் பழைய பென் டிரைவைத் தேடியெடுத்து, ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். வயலின் கூட்டம் அப்படியே இருக்கிறது, அம்சமாக. நடுவில் குரலுக்கு விட்ட இடம் காலி. முழுக்கவும் காலி என்று சொல்ல முடியாது. வயலின்களுக்கு அடியில் லேசாக ஒரு பெண்ணின் ஹம்மிங் கேட்கிறது. வார்த்தைகள் இல்லை. கத்தி படாத தொண்டை. மேலே போக வேண்டிய இடத்துக்குச் சிரமமே இல்லாமல் போகிறது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அவளுக்கு உற்சாகம் தாளாமல் குரல் கொஞ்சம் உயர, மைக்குக்கு வெகு அருகில் ஷமீம் கிசுகிசுக்கிறாள்:

"சும்மா இருடி. நீ கடைசியில பாடிக்கலாம்."

அந்தப் பெண் உடனே அடங்கிவிடுகிறாள்.