சௌரங்கியில் கால் ஒடிந்து கிடந்த குதிரை

கல்கத்தா சௌரங்கியில் நடக்கும் புதுமாதிரிச் சித்திரக் காட்சிக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். சென்ற சனிக்கிழமை நாங்கள் போனதற்குக் காரணம், எங்கள் மாடியில் குடியிருக்கும் சித்திரக்காரர் நிகில் பாபு. போன மாதம் எங்கள் மண்குதிரையை, "இரண்டே நாள், பௌதி" என்று கேட்டு வாங்கிப்போனார். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. அந்த உறவுக்காகத்தான் கொடுத்தேன்.

அது பொம்மையல்ல. என் மகள் லலிதா காய்ச்சலில் கிடந்தபோது காளிகாட்டில் வாங்கி, அவள் தலையை மும்முறை சுற்றி, ஊர் ஐயனாருக்கு நேர்ந்துவைத்தது. குழந்தை பிழைத்தாள். அதைச் செலுத்த வருகிற வியாழக்கிழமை ஊருக்கு ரயில். குதிரை திரும்பி வரவில்லை. "காட்சியில் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் இருக்கும் கிடர்பூரிலிருந்து டிராம் ஆளுக்கு ஓரணா, முக்கால் மணி நேரம். நுழைவு நாலணா. மதியம் கூட்டமில்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை, கொண்டுபோங்கள்.

சுவரில் ஆளுயரப் படம்: சேற்றில் விழுந்த குதிரை. கீழே மேஜைமேல் என் குதிரை, முன்னங்கால் ஒன்றில்லாமல் சாய்ந்து கிடந்தது.

"நான்தான் ஒடிச்சேன், பௌதி" என்றார் நிகில் பாபு, கூசாமல். "குதிரை நின்னா படத்துல துக்கம் வரலை. அது குதிரை இல்லை, நம்ம தேசம்."

"தேசத்தோட காலை எங்கே வேணுமானாலும் ஒடிச்சுக்கும். என் குழந்தை குதிரை மேல ஏன் கைவைச்சீர்?"

கூட வந்த என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பை இழுத்தார். "எல்லாரும் பாக்கறாங்க. வேற வாங்கித் தர்றேன், வா."

"வேற குதிரை அவ தலையைச் சுத்தலையே! கால் எங்கே, பாபு?"

"வீட்டுல... தேடணும்."

"தேடிக் கொண்டாரும். இங்கேயே உக்காந்திருக்கேன்."

ஓடினார். இரண்டு மணி நேரம் அந்தப் படத்தின் எதிரிலேயே இருந்தேன். வேறு எதைப் பார்ப்பது? குதிரையின் கழுத்து மூச்சுக்குத் திரும்பியிருந்த விதம், காய்ச்சலில் லலிதா திரும்பினது போலவேதான். ஒடிக்காமலே இவ்வளவு போடத் தெரிந்த கை! என் கோபம் இரட்டித்தது.

ஒடிந்த காலைக் கொண்டுவந்து நீட்டினார். மஞ்சள் துணியில் குதிரையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அடுத்த டிராமில் திரும்பினோம்.

சகோதரிகளே, அந்தப் படத்தைப் போய்ப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது. நேர்ந்த பொருளை மட்டும் யார் என்ன உறவு சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வியாழக்கிழமை புறப்படுகிறோம். குதிரையையும் காலையும் ஐயனார் முன் வைத்து நடந்ததைச் சொல்லுவேன். ஒடித்தவர் பெயரையும் சொல்லுவேன்.